கச்சேரியைப் பதிந்தவரைத் திருடர் வரிசையில் நிறுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

போலிப் பொருள்கள், திருட்டு இசைப்பதிவுகள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். போலி சார்ஜர், தியேட்டரில் ஒளித்துவைத்து எடுத்த படம், ரெக்கார்டிங் சென்டர் கேசட், கச்சேரியில் ரசிகர்கள் பதிந்த டேப் என்று எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்தி, எல்லாமே ஒரே குற்றம் என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். முதல் மூன்றில் எனக்கு அவரோடு வழக்கு எதுவும் இல்லை. கடைசியாகச் சேர்த்தாரே கச்சேரி டேப், அதை அந்த வரிசையிலிருந்து எடுக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் மயிலாடுதுறைப் பக்கத்தில் மைக் செட் தொழில் செய்பவன். அப்பா ஆரம்பித்தது. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கோயில் திருவிழா, சபா கச்சேரி என்று எல்லாவற்றுக்கும் போயிருக்கிறோம். மேடையில் யார் பாடினாலும் அந்த ஓசை முதலில் வந்து சேர்வது எங்கள் ஆம்ப்ளிஃபையருக்குத்தான். அதனால் கச்சேரியைப் பதிய ஆசைப்பட்டவர்கள் முதலில் எங்களைத்தான் தேடி வருவார்கள். "தம்பி, ஒரு லைன் கிடைக்குமா?" என்று கேட்பார்கள், அதாவது ஆம்ப்ளிஃபையரிலிருந்து அவர்கள் ரெக்கார்டருக்கு ஒரு வயர். வந்தவர்களில் பள்ளிக்கூட வாத்தியார் உண்டு, பாங்க் கேஷியர் உண்டு, அரிசி மில் வைத்திருந்தவர் உண்டு. துணிப்பையில் டேப் ரெக்கார்டர், புதிதாக வாங்கிய பாட்டரி, நாலைந்து 90 நிமிட கேசட். சிலர் கேசட்டை வீட்டிலேயே ஒரு முறை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டிக் கொண்டுவருவார்கள், நாடா நடுவில் சிக்கக்கூடாது என்று. வித்வான் வாயால் 'சரி' என்று சொன்னால்தான் லைன் கொடுப்பது என்பது அப்பா வைத்திருந்த வழக்கம். நானும் அதை மாற்றவில்லை. வித்வான் வேண்டாம் என்று சொன்ன நாட்களில், கேட்டவர் முகம் எவ்வளவு வாடினாலும் லைன் கிடையாது.

லைன் எடுத்தால் பதிவு பிரமாதமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நாங்கள் மைக்கில் ஏற்றி இறக்குவது மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவருக்காக. தவுலுக்குச் சின்ன இடத்தில் மைக்கே தேவைப்படாது, அதனால் அதைக் குறைத்து வைப்போம், சில சமயம் வைக்கவே மாட்டோம். லைனில் பதிந்த டேப்பைப் போட்டால் நாயனம் (நாதஸ்வரம்) காதருகில் இருக்கும், தவுல் பக்கத்துத் தெருவில் கேட்கும். நல்லாப் பதியத் தெரிந்தவர்கள் லைனை விட்டுவிட்டு, மேடைக்கு முன்னால் நாலாவது ஐந்தாவது வரிசையில் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அதில் பக்கத்தில் இருப்பவரின் இருமலும் தொடையில் தட்டும் தாளமும் சேர்ந்து விழும். ஆனால் வாத்தியங்கள் சரியான அளவில் இருக்கும். 90 நிமிட கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம். ஒரே வரியை விரித்துப் பாடும் நிரவல் உச்சத்துக்குப் போகும்போது பக்கம் முடிந்துவிடும், திருப்பிப் போடுவதற்குள் இரண்டு தாளச் சுற்று போய்விடும். அதற்காகவே இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்து, ஒருவர் டேப் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் இன்னொருவர் ஆரம்பித்து வைப்பார். இவ்வளவு பாடுபட்டுப் பதிந்ததை அவர்கள் விற்றதில்லை. உன்னிடம் இருக்கும் தோடி ராகத்தைக் கொடு, என்னிடம் இருக்கும் பைரவியைத் தருகிறேன் என்று மாற்றிக்கொள்வார்கள். வெற்று கேசட் வாங்கிக் கொடுத்தால் பதிந்து தருவார்கள், அவ்வளவுதான்.

ரெக்கார்டிங் சென்டர் வேறு கதை. 1980களில் எங்கள் ஊரில் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியே பல கடைகள் இருந்தன. வேண்டிய சினிமாப் பாட்டுகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் கேசட்டில் வரிசையாகப் பதிந்து தருவார்கள். கடைக்காரர் ஒரே ஒரு இசைத்தட்டு வாங்குவார், அதிலிருந்து எத்தனை கேசட் போனது என்று கணக்கே இருக்காது. பாட்டுப் போட்டவருக்கும் பாடியவருக்கும் வாசித்தவருக்கும் கம்பெனிக்கும் அதில் ஒரு காசு போகவில்லை. எளிய மனிதர்கள் வீட்டுக்குப் பாட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்தவை அந்தக் கடைகள்தான், அதை நான் மறுக்கமாட்டேன். இருந்தாலும் அது விற்பனைக்கு வந்த சரக்கை நகலெடுத்து விற்ற வியாபாரம். விற்கும் கேசட்டில் தயாரித்தவர் பெயரும் முகவரியும், உரிமையாளர் பெயரும், வெளியிட்ட ஆண்டும் இருக்க வேண்டும் என்று 1984லேயே பதிப்புரிமைச் சட்டத்தில் 52ஏ பிரிவைச் சேர்த்துவிட்டார்கள். ரெக்கார்டிங் சென்டர் கேசட்டில் பால்பாயிண்ட் பேனாவில் எழுதிய பாட்டு வரிசை மட்டும்தான் இருக்கும்.

போலிச் சரக்கு இதைவிட மோசம். அதில் நான் நேராக அடிபட்டவன். டி.டி.கே. பெயர் அச்சடித்த வெற்று கேசட்டுகளிலேயே போலி வந்தது. உள்ளே நாடாவை அழுத்திப் பிடிக்கும் ஃபெல்ட் துண்டு நாலு முறை ஓட்டினால் விழுந்துவிடும், அப்புறம் ஓசை மங்கிப்போகும். இப்போது மைக். எங்கள் தொழிலில் பாடுகிறவர் கையில் கொடுக்க ஷூர் கம்பெனியின் எஸ்.எம். 58ஐத்தான் பெரும்பாலும் நம்புவோம். அதற்கு உலகம் முழுக்கப் போலி உண்டு. என் தம்பி மகன் சென்னையில் ஒரு கடையில் வாங்கி வந்த இரண்டு மைக்குகளும் போலி. பெட்டி, பை, உள்ளே இருந்த காகிதம் எல்லாம் அசல் மாதிரியே இருந்தன. கையில் எடுத்ததும் எடை குறைவாகப் பட்டது. அசல் மைக் 298 கிராம், தராசில் வைத்தால் இது அவ்வளவு வரவில்லை. தலையைத் திருகி உள்ளே பார்த்தால் அசலில் மஞ்சளும் பச்சையுமாக வயர் இருக்கும், இதில் இல்லை. ஒரு கோயில் மண்டபத்தில் வைத்துப் பார்த்தோம். கொஞ்சம் ஏற்றினாலே கூவ ஆரம்பித்துவிட்டது. பாடிய அம்மா கையை மாற்றிப் பிடித்தபோதெல்லாம் கடகடவென்று சத்தம். கடைக்குத் திரும்பக் கொண்டுபோனால், பில் இல்லாத சரக்குக்குப் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் எங்களைப் போன்ற தொழிலாளிக்கும் மூன்று பக்கமும் நஷ்டம். இந்த மாதிரி ஆட்கள் மேல் எவ்வளவு கடுமையாக நடவடிக்கை எடுத்தாலும் நான் கைதட்டுவேன். படத்தைத் திருடி சி.டி. போட்டவர்களை 2004 முதல் நம் மாநிலத்தில் குண்டர் சட்டத்திலேயே பிடிக்க முடிகிறது.

இனி கச்சேரி டேப்புக்கு வருகிறேன்.

இசைத்தட்டுக் காலத்தில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்றரை நிமிடம்தான் கொள்ளும். நாயன மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோடி வாசித்தால் விடிய விடியப் போகும் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அவர் 1956ல் போய்விட்டார். இன்னொரு நாயன வித்வான் காருகுறிச்சி அருணாசலம் 1964ல், நாற்பத்து மூன்றாவது வயதிலேயே போய்விட்டார். கம்பெனித் தட்டில் அவர்கள் வாசிப்பின் ஒரு விள்ளல்தான் நமக்குக் கிடைத்தது. சாமி புறப்பாட்டில் வாசிக்கும் மல்லாரி, தவுலோடு மல்லுக்கட்டும் பல்லவி, ரக்தி என்று நாயனத்துக்கே உரிய அந்தப் பெரிய வாசிப்பு, இவற்றை எந்தக் கம்பெனி முழுசாகப் பதிந்தது? விற்காது என்று அவர்களுக்குத் தெரியும். ரக்தி வாசிக்கத் தெரிந்தவர்களே இன்று அருகிவிட்டார்கள். பாடகர் மதுரை மணி ஐயரின் நீண்ட கச்சேரிகள் என்று நாம் கேட்டு மயங்குகிறோமே, அவற்றில் பல ரசிகர்கள் ஸ்பூல் டேப்பில் (கேசட்டுக்கு முந்தைய பெரிய சக்கர நாடாவில்) பதிந்து கைமாறிக் கைமாறி வந்தவை. 1968ல் மறைந்த அவர் சபையோரோடு பேசிக்கொண்டே சுரம் பாடிய மாதிரி இருக்கும் அந்த நிறைவு, ஸ்டூடியோவில் வந்திருக்காது.

எங்கள் பக்கத்து நாயனக்காரர் குடும்பம் ஒன்று. பெரியவர் இறந்து பல வருஷமாகியும் அவர் வாசிப்பு ஒரு நிமிடம்கூட வீட்டில் இல்லை. ரேடியோவில் அவர் வாசித்தவை என்ன ஆயின என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. மேலே சொன்ன பாங்க் கேஷியர் ஒரு தை மாதத் தெப்பத்தில் அவரைப் பதிந்திருந்தார். அந்த கேசட்டை நான்தான் டெக்கில் போட்டுக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுத்தேன். பேரன் இப்போது அதைக் கேட்டுத்தான் தாத்தாவின் சண்முகப்பிரியாவைப் பயிற்சி செய்கிறான். பெரியவர் ஒரு பிடியை வாசித்துவிட்டு, பக்கத்தில் நிற்கும் தவுல்காரரிடம் "இப்ப வா" என்று சொல்வது அந்த டேப்பில் தெளிவாகக் கேட்கும். குருகுலத்தில் மட்டுமே கிடைத்த பாடம் அது. அந்தக் கேஷியரைத் திருடர் என்று அச்சில் போடுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வித்வான்களின் பக்கத்தையும் நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவர்கள் மறுத்தபோது பக்கத்தில் இருந்தவன் நான். பாலக்காடு மணி ஐயர் மைக்கே வேண்டாம் என்று நின்றவர், மிருதங்கத்தின் நாதத்தை அது கெடுக்கிறது என்று. எங்கள் தொழிலுக்கே எதிரான பேச்சு அது, ஆனாலும் அதில் நியாயம் இருந்தது. மற்றவர்கள் டேப்பைப் பற்றிச் சொன்ன குறைகளிலும் நியாயம் இருந்தது. காய்ச்சலோடு வந்து பாடிய நாளின் பதிவு ஆயுசுக்கும் சுற்றிக்கொண்டிருக்கும். பாட்டரி இறங்கிப்போன ரெக்கார்டரில் நாடா மெதுவாக ஓடும், அதை நல்ல டெக்கில் போட்டால் வேகமாக ஓடும், சுருதி அரைக்கட்டை ஏறிவிடும், குரல் கீச்சென்று ஆகிவிடும். கேட்பவர் அதுதான் அவர் குரல் என்று முடிவுகட்டிவிடுவார். நகலுக்கு நகல் எடுக்க எடுக்க இரைச்சல் கூடும், தம்பூரா அதில் மூழ்கிப்போகும். இன்னொரு வித்வான் சொன்னது பணத்தைப் பற்றி: "நாளைக்கு இதைக் கேட்டுக்கொள்ளலாம் என்றால் அடுத்த வருஷம் என்னை யார் கூப்பிடுவார்கள்?" அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அவர் கச்சேரிக்கு லைன் கேட்டவர்களைத் திருப்பி அனுப்பினேன்.

சட்டத்தைப் பற்றிக் கட்டுரையாளர் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனார். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் மேடையில் பாடுபவருக்கென்று தனியாக உரிமை ஆரம்பத்தில் இல்லை. 1994 திருத்தத்தில்தான் வந்தது. இப்போது அது 50 ஆண்டுகளுக்குச் செல்லும். 2012ல் செய்த திருத்தத்தில், தன் நிகழ்ச்சியைத் தன் பெயரோடு அடையாளப்படுத்தும் உரிமையும், பேர் கெடும்படி அதைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையும் சேர்ந்தன. சுருதி ஏறிப்போன டேப்பைப் பற்றி வித்வான்கள் பட்ட கவலை எவ்வளவு நியாயம் என்று இதிலேயே தெரிகிறது. அதே சட்டத்தின் 39ஆம் பிரிவு, ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்காகவோ, உண்மையான கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்குமோ பதிந்தால் அது உரிமை மீறல் ஆகாது என்கிறது. 63ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம்வரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய்வரை அபராதமும் இருக்கின்றன. வியாபார லாபத்துக்காகச் செய்யாத ஒன்றுக்கு அதைவிடக் குறைவாகத் தண்டிக்கலாம் என்று நீதிபதிக்கு அங்கேயே இடம் விட்டிருக்கிறார்கள். விற்றாரா, தனக்கென்று வைத்துக்கொண்டாரா என்பதைச் சட்டமே பிரித்துப் பார்க்கிறது. பத்திரிகையும் பிரித்துப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் இசைக்குழு 1984ல் ஒரு காரியம் செய்தது. கச்சேரியைப் பதிய வருகிறவர்களுக்கென்று சவுண்ட் மேசைக்குப் பின்னால் தனி இடம் ஒதுக்கி, அதற்குத் தனி டிக்கெட்டும் கொடுத்தது. பதியலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கக்கூடாது. இவ்வளவுதான் நிபந்தனை. அவர்கள் கச்சேரிக்குக் கூட்டம் குறையவில்லை. நம் சபாக்களில் எத்தனையோ வருஷமாக எழுதப்படாமல் நடந்த வழக்கமும் கிட்டத்தட்ட இதுதான். எழுதி வைக்காததால்தான் இன்று அதற்குத் திருட்டு என்று பேர் வருகிறது.

திருட்டு இன்று எங்கே நடக்கிறது என்றால், யாரோ கைமாற்றிக் கொடுத்த பழைய டேப்பை யூடியூபில் ஏற்றி, மேலே தன் சேனல் பெயரை முத்திரை குத்தி, விளம்பரப் பணம் பார்க்கிறார்களே, அங்கே. பதிந்தவர் பெயர் அதில் இருக்காது. பக்கவாத்தியக்காரர் பெயர் இருக்காது. கச்சேரி நடந்த ஊரும் தேதியும் தப்பாக இருக்கும். நான் சொன்ன அந்தத் தெப்பக் கச்சேரியே இப்படி ஒரு சேனலில், வேறொரு நாயனக்காரர் பெயரில் கிடக்கிறது. குடும்பத்தார் எழுதிக் கேட்டும் மாற்றவில்லை. பணம் வராதது இருக்கட்டும், தாத்தா வாசிப்பு வேறொருவர் பெயரில் இருப்பதைப் பார்த்து அந்தப் பேரன் பட்ட வேதனையை நான் நேரில் பார்த்தேன். நடவடிக்கை வேண்டும் என்று எழுதுபவர்கள் முதலில் இதைப் பற்றி எழுதட்டும்.

இன்னொரு பக்கம், பதிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகள் வெளியூரில். வீட்டை இடிக்கும்போது கேசட் பெட்டி பழைய பேப்பர் கடைக்குப் போகிறது. எங்கள் காவிரிப் படுகையின் ஈரத்தில் நாடாவின் விளிம்பில் வெள்ளையாகப் பூஞ்சை ஏறிவிடும், அதை அப்படியே டெக்கில் போட்டால் ஹெட்டும் கெடும் அடுத்த கேசட்டும் கெடும். 90 நிமிட நாடா மெல்லியது, வருஷக்கணக்காகச் சுற்றிக் கிடந்தால் ஒரு சுற்றின் ஓசை அடுத்த சுற்றில் லேசாகப் படிந்துவிடும். பாட்டு ஆரம்பிக்கும் முன்பே அதன் நிழல் கேட்கும். இப்போதே கொஞ்சம் தாமதம்தான். இப்படிப் பயமுறுத்தும் கட்டுரைகளைப் படித்தால், மிச்சம் வைத்திருப்பவர்களும் போலீஸ் வருமோ என்று ஒளித்துவைப்பார்கள், இல்லை எரித்துவிடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், "இதெல்லாம் வைத்திருந்தால் கேஸ் ஆகுமா?" என்று கட்டுரை வந்த மறுநாளே என்னிடம் கேட்டார்கள்.

சென்னை மியூசிக் அகாடமியில் பழைய கச்சேரிகளைக் கணினியில் சேமித்து, அங்கேயே உட்கார்ந்து கேட்க வசதி செய்திருக்கிறார்கள். கேட்கலாம், நகல் எடுத்துப் போக முடியாது. அதே போல ஒன்று தஞ்சாவூரில் வேண்டும். தமிழ்ப் பல்கலைக்கழகத்திலோ, அரசு இசைக் கல்லூரி ஒன்றிலோ ஓர் அறை போதும். நாயனமும் தவுலும் வளர்ந்த மண்ணில், அவற்றின் டேப்பைக் கேட்க ஒருவர் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. டேப்பைக் கொண்டுவந்து கொடுப்பவர் மேல் வழக்கு வராது என்று எழுத்தில் தர வேண்டும். முதல் நகல் வித்வான் குடும்பத்துக்குப் போக வேண்டும். பக்கவாத்தியக்காரர் பெயர்களை, உயிரோடிருக்கும் பழைய ரசிகர்களை உட்காரவைத்துக் கேட்டு எழுத வேண்டும், அவர்களும் ரொம்ப நாள் இருக்கப்போவதில்லை. பின்னால் எதையாவது வெளியிட்டுப் பணம் வந்தால் வாசித்தவர் குடும்பங்களுக்குப் பங்கு, குடும்பம் வேண்டாம் என்றால் வெளியீடு இல்லை. கலை பண்பாட்டுத் துறை மனசு வைத்தால் பெரிய செலவு பிடிக்கிற வேலை இல்லை.

இது நடக்கும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. என்னிடம் இரண்டு கேசட் டெக்குகளும் ஒரு ஸ்பூல் மெஷினும் ஓடும் நிலையில் இருக்கின்றன. மயிலாடுதுறை, கும்பகோணம், திருவாரூர் பக்கத்தில் யார் வீட்டிலாவது கோயில் கச்சேரி டேப் இருந்தால், தயவுசெய்து வீட்டில் இருக்கும் பழைய டேப் ரெக்கார்டரில் போட்டுப் பார்க்காதீர்கள், வெயிலிலும் காயவைக்காதீர்கள். தங்கள் அலுவலகத்தில் கேட்டால் என் முகவரி கிடைக்கும்படி ஆசிரியர் உதவ வேண்டும். காசு வாங்காமல் மாற்றிக் கொடுக்கிறேன், டேப்பை உங்கள் கண்முன்னாலேயே ஓட்டித் திருப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
மைக் செட் தொழிலாளி ஒருவர்,
மயிலாடுதுறை.